ரோஜாவுக்குப் போட்ட மீன்

என் கணவர் ஏற்காட்டு மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் பழம் பறிக்கப் போக வேண்டும், யார் கிளை கழிக்கிற கவாத்துக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவதுதான் அவருடைய வேலை. அதற்கு வேண்டிய குரல் அவருக்கு இருந்தது. ஓய்வு பெற்ற மறுநாளும் அந்தக் குரல் வழக்கமான நேரத்துக்கு எழுந்துகொண்டது. கூப்பிடத்தான் ஆள் இல்லை. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னுடைய ரோஜாச் செடிகளுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏம்புள்ள, இதுக எப்பருந்து இங்க இருக்குது?"

"நம்ம பாப்பா காலேஜுக்குப் போன வருசம் வெச்சதுங்க."

"இத்தன வருசத்துல இவ்வளவுதான் வேல செஞ்சுதுகளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்தச் செடிகளிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவேன். எப்போதாவது ஒரு கூடை சாணம் கிடைத்தால் போடுவேன். அவையும் மனது வந்தபோது பூத்தன, வராதபோது சும்மா நின்றன. முப்பது வருடமாக வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளை ரொம்பத் துரத்தினால் உள்ளதும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரியாது. எஸ்டேட்டில் கடைசி பெஞ்சே கிடையாது.

அன்று மாலை நான் திரும்பி வந்தபோது அவர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு போனில் ரோஜா வளர்ப்பு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரோ ஒருவர் முட்டை ஓட்டின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வீடியோவில் ஓர் அம்மா வாழைப்பழத் தோலின் மகிமையைச் சொன்னார். அதற்கடுத்தவர் அந்த இரண்டையும் தவறு என்று சொல்லிவிட்டு வெங்காயச் சருகைக் காட்டினார். மூன்று பேரையும் அவர் முழுமனதோடு நம்பினார்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் தூக்கி எறிய முடியாமல் போயிற்று. டீத்தூள் சக்கையை வடிகட்டியிலிருந்து தட்டப் போனால் பின்னால் வந்து நிற்பார். வாழைப்பழத் தோல்கள் துணிக்கொடியில் அவருடைய வேட்டிக்குப் பக்கத்தில் காய்ந்தன. ஏரிக்கரையில் ஆம்லெட் போடுகிற வண்டிக்காரரிடம் சொல்லிவைத்து முட்டை ஓட்டைச் சாக்கில் வாங்கிவந்தார். முடிவெட்டுகிற கடையிலிருந்து ஒரு பை நிறைய முடி வந்தது. ஊர் ஆண்களின் தலைமுடி முழுவதும் என் சமையலறை வாசலில் இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் தேங்காய்ச் சட்னி பல்லில் நறநறவென்று கடிபட்டது.

"ஏனுங்க, மிக்ஸில என்னத்தப் போட்டு அரச்சீங்க?"

"கழுவி வெச்சனே," என்றார். "அது சுத்தமான சுண்ணாம்புச் சத்து. உனக்கும் நல்லதுதான். முட்டி வலிக்குதுன்னு சொல்லீட்டிருந்தியல்லோ."

இதெல்லாம் மண்ணுக்குள் போயிற்று. இதற்கு மேல் எலும்புத்தூள், ஊறவைத்த கடலைப்புண்ணாக்கு, வேப்பம்புண்ணாக்கு, எஸ்டேட்டுக்குச் சொல்லி அனுப்பி வரவழைத்த காப்பிப் பழத்தோல். ஒவ்வொரு வாரமும் ஒரு புது வீடியோ, ஒரு புதுப் படையல். செடிகளின் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. அவர் பதறி இன்னும் கொஞ்சம் போட்டார். இலை நுனி கருகியது. அதற்கும் போட்டார். காலையில் ஒவ்வொரு செடியின் முன்பும் நின்று, "இன்னைக்கு எப்படி இருக்கற?" என்று கேட்பார். குரல் மட்டும் பழைய குரல்தான். தெருவில் போகிறவர்கள் தங்களைக் கேட்கிறார் என்று நினைத்து, "நல்லா இருக்கறனுங்க" என்று பதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மஞ்சக்குட்டை கிராமத்தில் மிளகும் காய்கறியும் போடுகிற அவருடைய நண்பர் ஒருவர் போனில் சொன்னதுதான் மீன் சமாச்சாரம். மீன் கழிவையும் வெல்லத்தையும் சரிக்குச் சரியாகக் கலந்து, டிரம்மில் மூடி வைத்துப் சில வாரம் புளிக்கவிட்டால் தேன் மாதிரி ஒரு திரவம் கிடைக்குமாம். அதைத் துளியூண்டு எடுத்துத் தண்ணீரில் கலந்து தெளித்தால் செத்த செடியும் எழுந்து நிற்குமாம். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. சேலத்துக்கு ஒன்றாகத்தான் இறங்கினோம். நான் கண்ணாடிக் கடையிலிருந்து வெளியே வந்தபோது அவர் இரண்டு பிளாஸ்டிக் கேன்களோடு நின்றிருந்தார். மீன் கடைகளில் தலையும் குடலும் கேட்டு வாங்கி நிரப்பியிருந்தார். திரும்பும்போது மலைப்பாதையில் ஏதோ வேலை நடக்கிறது என்று பஸ்ஸைக் குப்பனூர் வழியாக விட்டார்கள். அது சுற்று. வெயில் வேறு. நான் முன்னாலேயே ஏறி டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவர் நடுவில் எங்கேயோ உட்கார்ந்தார்.

குப்பனூர் தாண்டி வளைவு ஏறத் தொடங்கியதும் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொரு சீட்டாக வந்தார்.

"ஏனுங்க, யாரு மீன் வெச்சிருக்கறீங்க?"

"மீன் இல்லீங்க," என்று என் கணவருடைய குரல் கேட்டது. "உரம்."

"உரம் இப்பிடி நாறாதுங்களே."

"இன்னும் ஆகலீங்க. இனித்தான் ஆகோணும்."

"ஆனதுக்கப்பறம் ஏத்தியிருக்கலாமுங்க," என்றார் கண்டக்டர். "சரி, எந்திரிங்க. கடைசி சீட்டுக்குப் போங்க. சன்னலத் தொறந்து வெச்சுக்கங்க."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, செம்மநத்தம் ஊர்க்காரரான ஓர் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "யாருங்க டீச்சர் அந்தாளு?" என்றார்.

"தெரியலீங்களே," என்றேன்.

ஏற்காட்டில் பஸ் நின்றதும் கடைசி சீட்டிலிருந்து அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "ஏம்புள்ள, ஒரு கேன நீ புடிச்சுக்க, வா," என்றார். செம்மநத்தத்து அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்குப் பின்னால், வேலியோரமாக ஒரு நீல டிரம்மில் மீனைக் கொட்டினார். வெல்லத்தைச் சரிக்குச் சரி போட வேண்டும் என்றுதான் நண்பர் சொல்லியிருந்தார். ஆனால் என் கணவர் சர்க்கரை நோயாளி. வருடக்கணக்கில் வெல்லத்தைப் பார்த்துப் பயந்து பழகிய கை அது. பாதி போட்டதும் நின்றுவிட்டது. "இத்தன இனிப்பு எதுக்கு? போதும்," என்று மூடிவிட்டார். வெல்லம் குறைந்தால் மீன் புளிக்காது, அழுகும். இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஓய்வு பெற்ற ஹெட் நர்ஸ். தனியாக இருக்கிறார். ஒரு வெள்ளைப் பூனை உண்டு. வெள்ளையடித்த சுவரில் ஒரு விரல் அடையாளம்கூட இருக்காது. மருந்து வாசனையையும் நோயின் வாசனையையும் பிரித்துப் பிரித்து முகர்ந்தே வேலை பார்த்த மூக்கு அவருடையது. சில நாளிலேயே வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல எலி கிலி செத்துப்போச்சுங்களா?"

என் கணவர் டிரம்முக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "பாத்துட்டுத்தானுங்க இருக்கறோம்."

"அப்ப எங்க ஊட்டுலதான் இருக்கோணும்," என்று நர்ஸம்மா முடிவு செய்துவிட்டார். பரணைக் காலி செய்தார். பீரோவை நகர்த்தினார். ஆள் வைத்துக் கூரை ஓட்டைப் பிரித்துப் பார்த்தார். பூனையைக் கூப்பிட்டு மூலைக்கு மூலை காட்டினார். அது வேலியை விட்டு நகரவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்க்கும்போது கூசிப்போவேன். உள்ளே வந்து அவரிடம், "சொல்லீருங்க. பாவம், ஓட்டையெல்லாம் பிரிக்கறாங்க," என்பேன்.

"இன்னுங் கொஞ்ச நாள் போனா வாசம் மாறி பழ வாசம் வந்துருமாம். அப்பறம் சொல்லிக்கலாம்."

வாசம் மாறவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டிரம்மின் மூடியைத் தினமும் ஒருமுறை தளர்த்தி உள்ளே சேரும் காற்றை வெளியே விட வேண்டும். ஆனால் அவருக்குச் சளி பிடித்திருந்தது. "மழைல நனையவே கூடாது, படுத்திருங்க," என்று கண்டிப்பாகச் சொன்னவரே நர்ஸம்மாதான். நர்ஸம்மா சொன்னால் அவர் மீறமாட்டார். பூனை புகுந்துவிடுமோ என்று ஏற்கெனவே மூடியின் மேல் பழைய ஆட்டுக்கல்லின் குழவியையும் தூக்கி வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு எங்கள் வீட்டு முறை. தள்ளிப் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "கதவச் சாத்திக்கிட்டா ஒண்ணும் தெரியாது," என்றார். சாயங்காலம் நர்ஸம்மாவும் மற்ற சபை ஆட்களும் வந்தார்கள். வெளியே மூடுபனி. நான் ஊதுவத்தியைக் கட்டாகவே கொளுத்தி வைத்திருந்தேன். கிறிஸ்தவ வீட்டில் இத்தனை ஊதுவத்தி எதற்கு என்று ஒன்றிரண்டு பேர் பார்த்தார்கள், கேட்கவில்லை. பாஸ்டர் ஐயா இளைஞர். கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி மலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காட்டுமாடுகளைப் பற்றி யார் யாரோ சொல்லி அவரை நன்றாகப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் கண்ணை மூடினோம். பாஸ்டர் ஐயா வியாதியஸ்தர்களுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் டமாரென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஏதோ ஒன்று பரவலாகச் சுவரில் அடித்து வழிகிற சத்தம்.

"காட்டுமாடு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

பாஸ்டர் ஐயா கண்ணைத் திறக்கவில்லை. ஜெபத்தை நிறுத்தவும் இல்லை. வியாதியஸ்தர்களை அங்கேயே விட்டுவிட்டு, இந்த வீட்டின் கதவுகளையும் ஜன்னல்களையும் காத்தருளும்படி கேட்கத் தொடங்கினார். குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து கணவரைப் பார்த்தேன். அவரும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாசம் வந்தது. முதலில் சமையலறைக் கதவின் அடியில் நுழைந்தது. பின்வரிசையில் ஒரு இருமல். முந்தானைகள் ஒவ்வொன்றாக மூக்குக்குப் போயின. கைக்குட்டைகள் வெளியே வந்தன. பாஸ்டர் ஐயா ஒரு வாக்கியத்தின் நடுவில் மூச்சு இழுத்தார். இழுத்திருக்கக் கூடாது. அடுத்த சொல் "ஆமென்". அவர் ஊழியத்திலேயே அதைவிடச் சின்ன ஜெபம் இருந்திருக்காது.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நர்ஸம்மா மட்டும் முகத்தை மூடவில்லை. தலையை லேசாகத் தூக்கி, நிதானமாக ஒருமுறை முகர்ந்தார்.

"அந்த எலி," என்றார்.

பல நாளாகப் பிடிபடாத வியாதி பிடிபட்டுவிட்ட நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது.

போன் வெளிச்சத்தில் எல்லோரும் பின்பக்கம் போனோம். குழவி அப்படியேதான் டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தது. மூடி அசையவில்லை. அதனால் டிரம்மின் வயிறு வெடித்திருந்தது, அதுவும் வேலியைப் பார்த்த பக்கம். நர்ஸம்மாவின் வெள்ளைச் சுவரில் ஜன்னல் உயரம் வரைக்கும் ஒரு பழுப்பு ஆறு இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய சௌசௌப் பந்தல் நனைந்து சொட்டியது. அதன் அடியில் வெள்ளைப் பூனை ஒரு மீன் தலையோடு உட்கார்ந்திருந்தது. அன்று அங்கே சந்தோஷமாக இருந்தது அது ஒன்றுதான்.

நர்ஸம்மா சுவரைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"இது என்னதுங்க?"

"மருந்துங்க."

"ஆருக்கு?"

"ரோஜாவுக்குங்க."

"என்ன பண்ணுதாம் அதுக்கு?"

"எல மஞ்சளாப் போச்சுங்க."

"எப்பருந்து?"

பொய் சொல்ல வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"நான் பாக்க ஆரம்பிச்சதுல இருந்துங்க."

பாஸ்டர் ஐயாதான் முதலில் சிரித்தார். காட்டுமாடு இல்லை என்ற நிம்மதியில் அவரால் அடக்க முடியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சுண்டலும் டீயும் தயாராக இருந்தன. யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை நர்ஸம்மா முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பேஷன்ட்ட காட்டுங்க," என்றார்.

என் கணவர் அழைத்துக்கொண்டு போனார். நர்ஸம்மா ஒரு சிறு மண்வெட்டியால் முதல் செடியின் அடியைக் கிளறினார். மண் வருவதற்கு முன்னால் மற்ற எல்லாம் வந்தன. மட்காத வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, உருண்டை உருண்டையாக முடி, பூஞ்சை பிடித்த புண்ணாக்குக் கட்டி. கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையை மண்ணுக்குள் விட்டார்.

"சுடுது," என்றார். "காச்சல் ஆளுக்குப் பிரியாணியாப் போட்டு அமுக்கியிருக்கறீங்க. இதெல்லாம் குழில மக்கி, ஆறி, மண்ணாட்டம் ஆனதுக்கப்பறம் போடோணும். பச்சையாப் போட்டா அது மக்கற சூட்டுல வேருதான் வேகும்."

"வீடியோல..."

"வீடியோக்காரரு உங்க செடியோட நாடியப் பாத்தாருங்களா?"

நர்ஸம்மா ஆணை பிறப்பித்தார். போட்டதையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். நல்ல தண்ணீர் மட்டும். கருகினதை வெட்டிவிட வேண்டும். தான் சொல்லும் வரை எதுவும் கொடுக்கக் கூடாது. காலையில் போய் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதும் கூடாது. "ரெஸ்ட்டு வேணும் அதுகளுக்கு. நீங்களும் போயி அந்தச் செவுத்தக் கழுவுங்க."

அவர் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். பிறகு தானே சுண்ணாம்பு கரைத்து அடித்தார். அந்த வாரம் முழுக்க ஊர் நாய்கள் எங்கள் வீட்டு முன்னால் கூடின. எலும்புத்தூளும் மீனுமாகக் கலந்து அவர் உடம்பிலேயே ஏறியிருந்த வாசத்துக்கு, கடைக்குப் போனால் பின்னாலேயே வரிசையாகப் போயின. பார்க்கிறவர்கள், "ரைட்டரய்யாவுக்கு மறுபடியும் ஆள் சேந்துருச்சு," என்றார்கள். அவரும் சிரித்தார். ஆனால் ஒரு நாள் சாயங்காலம், வெட்டி மொட்டையடித்த செடிகளுக்கு முன்னால் அவர் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எஸ்டேட்டுல நான் ஒரு சத்தம் போட்டா அத்தன பேரும் அசைவாங்க," என்றார். "இங்க என்னத்தச் செஞ்சாலும் ஒண்ணும் அசைய மாட்டேங்குது. நான் இருக்கறது அதுகளுக்குத் தெரியுதான்னே தெரியல."

அவர் செடிகளைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஒரு முக்காலியை நானும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பனி இறங்கி செடிகள் மறையும் வரை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

செடிகள் சும்மா இருந்தன. சும்மா இல்லாதது நர்ஸம்மாவின் சௌசௌக் கொடிதான். டிரம்மில் இருந்தது முழுவதும் மழையோடு இறங்கி அதன் வேருக்குப் போயிருந்தது. அதுவரை பந்தலில் ஒரு ஓரமாகக் கிடந்த கொடி, வேலியைத் தாண்டியது, எங்கள் குளியலறைக் கூரையில் ஏறியது, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியது. காய்கள் குடம் குடமாகத் தொங்கின. நர்ஸம்மா தினமும் காலையில் ஒரு கூடையோடு வந்தார்.

"உங்க மருந்துல காச்சதுங்க. உங்களுக்குப் பங்கு இல்லாம நான் மட்டும் எப்பிடிங்க திங்கறது?"

வாங்காமல் இருக்க முடியுமா. கூட்டு, பொரியல், சாம்பார், துவையல். தோலைக்கூட விடவில்லை. பள்ளிக்கூடத்தில் என் டிபன் டப்பாவைத் திறந்தால் மற்ற டீச்சர்கள் எட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். சுவருக்காக நர்ஸம்மா ஒரு கடுஞ்சொல்லாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றிய நாட்கள் உண்டு. அவர் சொல்லவில்லை. கூடைதான் வந்தது. ஒரு நாள் என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்தம்மா மன்னிக்கற ஆளே இல்ல," என்றார்.

மழை ஓய்ந்து பனிக்காலம் தொடங்கும்போது, மொட்டைக் குச்சிகளின் கணுவில் சிவப்பாகத் துளிர் வந்தது. அவர்தான் முதலில் பார்த்தார். என்னைக் கூப்பிடவில்லை. நேரே வேலிக்குப் போய், "சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்க," என்று கூப்பிட்டார். எஸ்டேட் குரல் இல்லை அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவரின் குரல்.

நர்ஸம்மா வந்து பார்த்தார். "இனிக் கொஞ்சமாக் குடுக்கலாம்," என்றார். நன்றாக மட்கிய எரு, ஒவ்வொரு செடிக்கும் ஒரு கை. அதை அளந்து போட்ட பிறகும் என் கணவரின் கை எருக் கூடைக்கே திரும்பப் போயிற்று. இன்னொரு கை போட வேண்டும் என்று அந்தக் கை துடித்ததை நானும் பார்த்தேன், நர்ஸம்மாவும் பார்த்தார். "போதுங்க," என்றோம் இரண்டு பேரும்.

இப்போது வேலியை ஒட்டி இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குப்பைக் குழி இருக்கிறது. சருகு ஒரு அடுக்கு, சாணம் ஒரு அடுக்கு, சமையலறைக் கழிவு ஒரு அடுக்கு. ஈரம் போதுமா போதாதா என்று காலையில் அவர்கள் இரண்டு பேரும் வேலிக்கு இரு பக்கமும் நின்று வாதாடுவார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போவதையே கவனிக்கமாட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மிக்ஸி என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

முதல் பூ விரிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துக்கு வைக்கக் கேட்டு எங்கள் சபைக் கோயிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கொடுக்க மாட்டேன் என்று என் கணவர் சொல்லிவிட்டார். எனக்கும் தலையில் வைக்கத் தரவில்லை. அது செடியிலேயே இருந்து, முழுசாக விரிந்து, வெளுத்து, ஒரு காலை இதழ் இதழாக உதிர்ந்தது. அவர் குனிந்து ஒன்று விடாமல் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். பைபிளுக்குள் வைக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். நேரே குப்பைக் குழிக்குப் போய் உள்ளே தூவி, மேலே ஒரு கை மண் போட்டு மூடினார்.